என்டர்பிரைஸின் சாளர வெளிச்சம்

வாஷிங்டனிலுள்ள ஸ்மித்சோனியன் தேசிய வான், விண்வெளி அருங்காட்சியகம் 1976ஆம் ஆண்டு ஜூலை 1 அன்று திறக்கப்பட்டது. அதன் நாற்பதாம் ஆண்டு நிறைவையொட்டி 2016 கோடையில் நுழைவுக் கூடம் புதுப்பிக்கப்பட்டது. 1927இல் லிண்ட்பர்க் தன்னந்தனியாக அட்லாண்டிக்கைக் கடந்த ‘ஸ்பிரிட் ஆஃப் செயின்ட் லூயிஸ்’ விமானம் இருந்த அதே கூடத்தில், ஒருநாளும் பறந்திராத ஒரு கலமும் இடம்பெற்றது. ‘ஸ்டார் ட்ரெக்’ தொலைக்காட்சித் தொடருக்காகச் செய்யப்பட்ட ‘என்டர்பிரைஸ்’ விண்கப்பலின் மாதிரியுரு அது. சுமார் பதினோரு அடி நீளம். (பறக்காதது அது ஒன்றுதான் என்று எண்ணிவிட வேண்டாம். அருகில் வைக்கப்பட்ட எல்.எம்.-2 என்ற அப்போலோ நிலவிறங்கு கலமும் தரைச் சோதனைகளோடு நின்றுவிட்டதுதான்.)

மாதிரியுருவின் மரமும் தகடும் பிளாஸ்டிக்கும் எப்படிச் சீர்செய்யப்பட்டன என்பது விரிவாகவே பேசப்பட்டுவிட்டது. நாம் இங்கே கவனிக்க விரும்புவது அதன் சாளரங்கள் வழியாக வெளிவரும் வெளிச்சத்தை. 2016இல் அந்த வெளிச்சம் எல்.ஈ.டி. விளக்குகளிலிருந்து வந்தது. 1960களில் அது டங்ஸ்டன் இழை எரியும் குண்டு பல்புகளிலிருந்து வந்தது. முன்னதைப் பின்னதுபோல் தோன்றச் செய்வது பொறியாளர் ஒருவர் மாலைப்பொழுதில் முடித்துவிடக்கூடிய வேலை என்றுதான் முதலில் தோன்றும். பழைய வெளிச்சத்தின் நிறம் இன்னது என்று தெரிந்திருந்தால் அது உண்மையாகவும் இருக்கும். அப்படி ஒரே ஒரு நிறம் எந்தக் காலத்திலும் இருந்திருக்கவில்லை என்பதே நம் வாதம்.

கப்பலின் பிறப்பிலிருந்து தொடங்குவோம். தொடரை உருவாக்கியவர் ஜீன் ராடன்பெர்ரி. கப்பலை வரைந்தவர் மேட் ஜெஃப்ரீஸ். இரண்டாம் உலகப் போரில் விமானத்தில் பறந்தவர் ஜெஃப்ரீஸ். பழுது பார்க்க வேண்டிய எதையும் கப்பலின் வெளிப்புறத்தில் வைக்கலாகாது, உள்ளிருந்தே கையெட்டும்படி இருக்கவேண்டும் என்பது அவர் கொள்கை. ஆகவே வெளித்தோற்றம் வழவழப்பாக, ஏறக்குறைய வெறுமையாக அமைந்தது. ஆபத்தான இயந்திரங்கள் மனிதர் வாழும் பகுதியிலிருந்து விலக்கி இரு நீண்ட உருளைகளில் வைக்கப்பட்டன. இந்த வடிவத்தை மாதிரியுரு ஆக்கும் பொறுப்பு ரிச்சர்ட் டேட்டினுக்கு வந்தது. முதலில் ஏறத்தாழ மூன்றடியில் ஒன்றைச் செய்து காட்டி ஒப்புதல் பெற்றார். பின்னர் கலிஃபோர்னியாவின் பர்பாங்க் நகரில் வால்மர் ஜென்சனின் பட்டறையில் பெரிய மாதிரியுரு செய்யப்பட்டு, 1964 டிசம்பர் 29 அன்று ஒப்படைக்கப்பட்டது.

அப்போது அதில் விளக்கே கிடையாது. சாளரங்கள் வெறும் வண்ணப்பூச்சு. முதல் முன்னோட்டப் படத்தை என்.பி.சி. நிறுவனம் ஏற்க மறுத்து, வழக்கத்துக்கு மாறாக இரண்டாவது ஒன்றைக் கேட்டது. அதற்காக 1965இல் மாதிரியுரு திருத்தப்பட்டபோதுதான் உள்ளே பல்புகள் புகுந்தன. 1966இல் தொடராகத் தயாரிக்கத் தொடங்கியபோது இன்னொரு திருத்தம். இரு உருளைகளின் முகப்பிலும் அதுவரை மரத்தாலான செந்நிறக் குமிழ்கள் இருந்தன. அவற்றை நீக்கி ஒளி புகும் குமிழ்களை வைத்தார்கள். குமிழுக்குள் மோட்டாரால் சுழலும் தகடுகள், பின்னால் பல நிறக் கிறிஸ்துமஸ் பல்புகள் (நம்மூர்த் திருவிழாக்களில் சீரியல் செட் என்கிறோமே, ஏறக்குறைய அந்த இனம்), இடையிடையே ஒட்டிய கண்ணாடித் துண்டுகள். நட்சத்திரங்களுக்கிடையே பாயும் கப்பலின் மாபெரும் ஆற்றலாகத் திரையில் சுழன்ற செம்மஞ்சள் ஒளி இவ்வளவு எளிய சரக்கிலிருந்து வந்ததுதான். மலிவென்று இதைக் குறைத்துப் பேசுகிறவர்கள் உண்டு. நமக்கு அதில் உடன்பாடில்லை. அந்தக் குமிழின் ஒளி உயிருள்ளதுபோல் இருந்ததற்குக் காரணமே அந்த ஒழுங்கின்மைதான். அக்காலத்துச் சிமிட்டும் பல்புகளுக்குள் ஈருலோகத் தகடு ஒன்று இருக்கும். சூடேறினால் வளைந்து மின்சுற்றை முறிக்கும். ஆறினால் மீண்டும் இணைக்கும். ஒவ்வொரு பல்பும் தன் மனம்போன தாளத்தில் அணைந்து எரியும். எந்த இரண்டும் ஒத்துப்போகா.

விளக்குகள் வந்ததால் கப்பலுக்கு ஒரு ‘நல்ல பக்கம்’ ஏற்பட்டது. மின்கம்பிகள் இடப்புறமாக உள்ளே நுழைந்தன. ஆதலால் வலப்புறம் மட்டுமே படமாக்கப்பட்டது. கப்பல் எதிர்த்திசையில் செல்லவேண்டிய காட்சிக்கு, எழுத்துகளைக் கண்ணாடி பிம்பமாகத் தலைகீழாக்கி ஒட்டிப் படமெடுத்து, பிறகு படத்தைத் திருப்பிப் போட்டார்கள்.

இனி நிறத்துக்கு வருவோம். சூடான பொருள் வெப்பத்துக்கேற்ப நிறம் மாறும். கொல்லன் உலையில் இரும்பு முதலில் மங்கிய சிவப்பு, பிறகு ஆரஞ்சு, பிறகு மஞ்சள், அப்புறம் வெண்மை. டங்ஸ்டன் இழையும் அவ்வாறே. ஆகவே வெளிச்சத்தின் நிறத்தைக் கெல்வின் அளவில் வெப்பநிலையாகச் சொல்லும் வழக்கம் வந்தது. வீட்டுக் குண்டு பல்பு சுமார் 2700 கெல்வின். படப்பிடிப்புத் தளத்தின் பெரிய டங்ஸ்டன் விளக்கு 3200. நண்பகல் வெளிச்சம் 5500 அளவில். எண் ஏற ஏற நீலம் கூடும் என்பது, நீலத்தைக் ‘குளிர்’ என்று சொல்லும் நம் பேச்சு வழக்குக்கு நேர் எதிர். ஹாலிவுட்டில் 1962 முதல் புழங்கிய ஈஸ்ட்மன் வண்ண நெகட்டிவ் 3200 கெல்வின் வெளிச்சத்தை வெண்மையாகக் காணும்படி செய்யப்பட்டது. அதன் கண்ணுக்கு மாதிரியுருவின் சிறு பல்புகள் சற்றே மஞ்சளாகத்தான் தெரியும். ஆனால் அங்கேயும் ஒரு சிக்கல் உண்டு. ஒளி மிகுந்த புள்ளி ஃபிலிமில் தன் நிறத்தை இழந்து வெளுத்துவிடும். நடுவில் வெண்மை, ஓரத்தில் மட்டும் மஞ்சள் கசிவு. பல்பு தந்த நிறம் ஒன்று, ஃபிலிம் கொண்ட நிறம் வேறு.

அதோடும் நிற்கவில்லை. மாதிரியுரு நீலத்திரைக்கு முன் படமாக்கப்பட்டது. நட்சத்திரப் பின்னணியுடன் அதை ஒளியியல் அச்சுப்பொறியில் இணைத்தார்கள். ஒவ்வொரு இணைப்பும் ஒரு மறுபதிவு. ஒவ்வொரு மறுபதிவிலும் நிறம் கொஞ்சம் நகரும். ஒரே நிறுவனம் இதைச் செய்யவுமில்லை. ஹோவர்ட் ஆண்டர்சன் நிறுவனத்தில் தொடங்கிப் பல நிறுவனங்கள் வேலையைப் பங்கிட்டுக்கொண்டன. ஒரே கப்பல் ஒரு காட்சியில் சாம்பல், அடுத்த காட்சியில் நீலம் தோய்ந்த சாம்பல், இன்னொன்றில் பச்சை படிந்த வெண்மை. கடைசியில் இவை அனைத்தும் 1966இன் வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிக்குள் போய்ச் சேர்ந்தன. பெட்டியில் நிறத்தைத் திருத்தும் குமிழ் வேறு இருந்தது. வீட்டுக்கு வீடு தகப்பனார் திருப்பி வைத்ததுதான் நிறம்.

இத்தொடரின் வரலாற்றிலேயே இதற்கு இரண்டு சுவையான சான்றுகள் உண்டு. முதல் முன்னோட்டப் படத்தில் பச்சைத் தோல் கொண்ட வேற்றுலகப் பெண் ஒருத்தி வருகிறாள். ஒப்பனையைச் சோதிக்க நடிகை ஒருவருக்குப் பச்சை பூசிப் படமெடுத்து அனுப்பினார்கள். திரும்பி வந்த படத்தில் பச்சையே இல்லை. இன்னும் அழுத்தமாகப் பூசி எடுத்தார்கள், மீண்டும் இல்லை. ஏதோ பிழை நேர்ந்துவிட்டதென்று ஃபிலிம் கழுவும் கூடத்தார் பொறுப்போடு இரவோடிரவாக நிறத்தைச் ‘சரிசெய்து’ அனுப்பிக்கொண்டிருந்தார்களாம். இரண்டாவது சான்று கப்பல் தலைவர் கிர்க்கின் சட்டை. உலகமே அதைப் பொன்மஞ்சள் என்று நம்புகிறது. வில்லியம் வேர் தீஸ் வடிவமைத்த அந்த வெலூர் சட்டை நேரில் பாசிப்பச்சை. தளத்து விளக்கும் துணியின் பளபளப்பும் ஃபிலிமும் சேர்ந்து அதைப் பொன்னாக்கிவிட்டன. எந்தச் சட்டை உண்மை? கையில் தொடக்கூடியது பச்சை. கோடிப்பேர் கண்டது பொன். ஏட்டுச்சுவடி ஒப்பிட்டவர்களுக்கு இந்தச் சங்கடம் பழக்கமானதே. மூல ஏட்டில் ஒரு சொல், ஓதி வந்தவர் வாயில் வேறொரு சொல். பின்னதையே உரைகாரர் முதற்கொண்டு எல்லாரும் அறிந்திருப்பார்கள். பதிப்பாசிரியர் எதை மேலே வைப்பார், எதை அடிக்குறிப்பில் தள்ளுவார்? சுவடிக்காவது அடிக்குறிப்பு உண்டு. விளக்கு ஒரு நேரத்தில் ஒரு நிறத்தில்தான் எரிய முடியும்.

கடைசிப் பகுதி 1969 ஜூன் 3 அன்று ஒளிபரப்பாயிற்று. தேவையற்றுப்போன மாதிரியுருவை பாரமவுண்ட் நிறுவனம் 1974இல் ஸ்மித்சோனியனுக்குக் கொடையாக அளித்தது. வந்து சேர்ந்தபோது அதன் முகப்புக் குமிழ்கள் இல்லை, அவை தொலைந்துபோயிருந்தன. செம்மஞ்சள் ஒளிக்கு இருந்த நேரடிப் பொருட்சான்று அவற்றோடு போயிற்று. 1974, 1984, 1991 என மூன்று முறை சீரமைப்பு நடந்தது. மூன்றாவதில் தட்டின் மேற்பரப்பைத் தவிர ஏனைய இடங்களெல்லாம் புதிதாக வண்ணம் பூசப்பட்டன. தகட்டு இணைப்புகளைக் காட்டும் கோடுகளும் நிழல்களும் அழுத்தமாகத் தீட்டப்பட்டன. அந்த அழுத்தம் கடும் விமர்சனத்துக்கு உள்ளாயிற்று. விமர்சித்தவர்கள் பக்கமே நியாயம் இருந்ததாக நமக்குப் படுகிறது. ஆனால் பூசியவர் கண்முன் இருந்தது 1980களின் திரைப்படக் கப்பல்கள் பழக்கியிருந்த ரசனை என்பதையும் மறக்கவேண்டியதில்லை. 2000 முதல் 2014 வரை அது அருங்காட்சியக விற்பனைக் கடையின் கீழ்த்தளத்தில் நின்றது. மரத்தால் செய்த கலம்; பல்பு எரிந்தால் உள்ளே வெப்பம். குண்டு பல்பு தான் உண்ணும் மின்சாரத்தில் இருபதில் ஒரு பங்கைக்கூடச் சரியாக ஒளியாக்குவதில்லை, மீதியெல்லாம் சூடு.

எல்.ஈ.டி.யின் கதை இதற்கு இணையாக ஓடியது. கண்ணுக்குத் தெரியும் சிவப்பு ஒளியை உமிழும் டையோடை நிக் ஹோலன்யாக் 1962இல் செய்துகாட்டினார். அதாவது என்டர்பிரைஸ் பட்டறைக்குப் போவதற்கு இரண்டாண்டு முன். சிவப்பு வந்தது, மஞ்சளும் பச்சையும் வந்தன. நீலம் மட்டும் முப்பதாண்டு போக்குக் காட்டியது. அகஸாகி, அமானோ, நகமுரா ஆகிய மூவரின் உழைப்பால் 1990களின் தொடக்கத்தில் பிரகாசமான நீலம் கைவந்தது. நீலச் சில்லின்மேல் மஞ்சளாக ஒளிரும் பாஸ்பரைப் பூசினால் கண்ணுக்கு வெண்மை என்ற உத்தி 1996இல் விற்பனைக்கு வந்தது. மூவருக்கும் நோபல் பரிசு அறிவிக்கப்பட்ட 2014ஆம் ஆண்டில்தான் மாதிரியுருவும் கடையிலிருந்து எடுக்கப்பட்டு, வர்ஜீனியாவிலுள்ள அருங்காட்சியகத்தின் பாதுகாப்புக் கூடத்துக்கு அனுப்பப்பட்டது.

எல்.ஈ.டி.யின் வெண்மை ஒரு தந்திர வெண்மை. டங்ஸ்டன் ஒளியைப் பட்டகத்தில் பிரித்தால் சிவப்பிலிருந்து ஊதா நோக்கி இடைவெளியின்றிச் சரியும் ஒரே சரிவு. எல்.ஈ.டி.யைப் பிரித்தால் 450 நானோமீட்டர் அருகில் நீலத்தில் ஒரு கூரிய சிகரம், பிறகு ஒரு பள்ளம், பிறகு மஞ்சளில் ஒரு மேடு. நேரே பார்க்கும் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலிருக்கும்படி செய்துவிடலாம். ஆனால் அதே ஒளி சாம்பல் பூச்சிலோ வண்ணக் குமிழிலோ பட்டு வெளிவரும்போது வேறுபாடு எட்டிப்பார்க்கும். ஆரஞ்சுக் குமிழுக்குப் பின்னால் டங்ஸ்டன் இருந்தால் கனிந்த தணல். மலிவான குளிர்வெண் எல்.ஈ.டி. இருந்தால், குமிழ் கடத்தக்கூடிய சிவப்பு அதில் போதிய அளவு இல்லாததால், சோகை பிடித்த மஞ்சள்.

மாதிரியுரு செய்கிறவர்கள் இதைச் சமாளிக்கப் பல வழிகள் கண்டிருக்கிறார்கள். பாஸ்பர் கூடுதலாகப் பூசிய 2700 கெல்வின் வெதுவெண் டையோடைத் தேர்வது நேரான வழி. குளிர்வெண் டையோடின்மேல் ஒளி ஊடுருவும் ஆரஞ்சு வண்ணத்தை மெல்லிதாகப் பூசுவது மற்றொன்று. திரைப்பட ஒளிப்பதிவாளர்கள் விளக்கின்முன் கட்டும் ஆரஞ்சு ஃபில்டர் தாளில் ஒரு துண்டு வெட்டி ஒட்டுவது இன்னொன்று. சிவப்பு, பச்சை, நீல டையோடுகளைக் கலப்பதும் உண்டு. எந்த நிறமும் விரும்பியபடி வரும் என்பது அதன் கவர்ச்சி. மூன்று கூரிய சிகரங்களால் ஆன அந்த வெண்மை, பூசிய பரப்புகளில் விழும்போது நம்பத்தகாததாகிவிடும் என்பது அதன் குறை. நிறத்துக்கு முந்திய வேலை ஒன்றும் இருக்கிறது. பிளாஸ்டிக் சுவரின் உட்புறம் கறுப்பு பூசி, அதன்மேல் வெண்மையோ வெள்ளியோ பூசவேண்டும். இல்லையெனில் சாளரத்துக்குப் பதிலாகக் கப்பல் முழுவதுமே லாந்தர் போல் ஒளிரும்.

மங்கச் செய்வதில்தான் இரண்டுக்கும் குணபேதம் முழுமையாகத் தெரியும். குண்டு பல்புக்கு மின்சாரத்தைக் குறைத்தால் இழை குளிர்ந்து, ஒளி குறைவதோடு சிவக்கவும் செய்யும். அந்தி சாய்வதுபோல் அது மங்கும். எல்.ஈ.டி.யைக் கண்ணுக்குப் புலப்படாத வேகத்தில் அணைத்து அணைத்து ஏற்றித்தான் பெரும்பாலும் மங்கச் செய்கிறார்கள். ஒளி குறையும், நிறம் அசையாது. அணைக்கும்போதும் அப்படியே. இழைக்கு ஒரு கணச் சாவகாசம் உண்டு, செம்மை காட்டிவிட்டுத்தான் இருளும். டையோடு பட்டென்று போய்விடும். ஆகவே பழைய சுழலொளியைப் போலச் செய்ய விரும்புகிறவர் நிறத்தோடு தயக்கத்தையும் நிரலாக எழுதவேண்டியிருக்கிறது. ஈருலோகத் தகட்டின் மனம்போன போக்கையும் கணிப்பொறிச் சில்லுக்குச் சொல்லித்தரவேண்டியிருக்கிறது.

ஸ்மித்சோனியன் குழு முதலில் செய்தது ஒரு தேதியைத் தேர்ந்தது. 1964 முதல் 1969 வரை ஓயாமல் மாறிக்கொண்டிருந்த பொருளை எந்த நாளுக்குத் திருப்புவது? 1967 ஆகஸ்ட் என்று முடிவாயிற்று. ‘தி ட்ரபிள் வித் டிரிபிள்ஸ்’ என்ற பகுதியின் தயாரிப்பின்போது நடந்ததே, படப்பிடிப்புக் காலத்தில் மாதிரியுருவுக்குச் செய்யப்பட்டதாக அறியப்பட்ட கடைசி மாற்றம். பிறகு சான்று திரட்டல். ஊடுகதிர்ப் படங்கள் எடுத்தார்கள். 1976க்கு முற்பட்ட புகைப்படமோ படச்சுருளோ இருந்தால் தரும்படி 2015இல் பொதுமக்களை வேண்டினார்கள். இரசிகர்கள் பழைய பெட்டிகளைக் குடைந்தார்கள். இத்தகைய படங்களும் நிறத்துக்குச் சான்றாக அரைகுறைதான் என்பது நாம் மேலே சொன்னதிலிருந்தே விளங்கும். பகலொளி ஃபிலிமில் குண்டு பல்பைப் பிடித்தால் அது தீப்பந்தம்போல் ஆரஞ்சாக விழும். தட்டின் மேற்பரப்பில் தப்பியிருந்த மூல வண்ணப்பூச்சு கைபடாமல் காக்கப்பட்டது. உள்ளே எல்.ஈ.டி.கள் பொருத்தப்பட்டன, 1960களின் தோற்றத்தை ஒத்திருக்கும்படி. முகப்புக் குமிழ்களின் சுழலொளியும் அவ்வாறே மீண்டும் உருவாக்கப்பட்டது.

பல்பையே திரும்ப வைத்திருக்கலாகாதா என்று கேட்பவர்கள் உண்டு. பொருளின் நேர்மை பொருட்களில்தான் இருக்கிறது, டங்ஸ்டன் இருந்த இடத்தில் டங்ஸ்டன்தான் இருக்கவேண்டும் என்பது அவர்கள் வாதம். புறக்கணிக்கத்தக்கதன்று. ஆயினும் சூட்டில் உலர்ந்து வெடிக்கும் மரத்தையும், தப்பிப் பிழைத்த அந்த மூலப் பூச்சையும் நினைத்தால் நாம் எல்.ஈ.டி. பக்கமே நிற்போம். விளக்கை நாளை கழற்றிவிடலாம். வெடித்த பூச்சை ஒட்டவைக்க முடியாது. நமக்குள்ள ஐயம் வேறு. அருங்காட்சியகக் கூடத்தில் நிற்பவர் ஃபிலிமின் கண்ணால் பார்ப்பதில்லை. பகல் வெளிச்சத்துக்குப் பழகிய கண்ணோடு உள்ளே வருகிறவருக்கு 2700 கெல்வின் சாளரம் மங்கலான மஞ்சள். இருட்டறையில் பத்து நிமிடம் இருந்தவருக்கு அதே சாளரம் வெண்மை. அளவுகருவி இரண்டையும் ஒன்றென்று சொல்லும். 1967இன் பல்பை அச்சாக நகலெடுத்தாலும், 1967இல் தொலைக்காட்சி முன் அமர்ந்த சிறுவன் கண்ட வெளிச்சம் அங்கே கிடைக்காது.

வீட்டில் செய்கிறவர்கள் இந்த விஷயத்தில் சுதந்திரமானவர்கள். தொடர் தொடங்கிய 1966இலேயே ஏ.எம்.டி. நிறுவனம் ஒட்டிச் செய்யும் பிளாஸ்டிக் என்டர்பிரைஸை விற்பனைக்குக் கொண்டுவந்தது; தொடக்கப் பதிப்புகளில் சிறு விளக்குகளும் மின்கல அறையும் இருந்தன. 2012இல் போலார் லைட்ஸ் வெளியிட்டது 350இல் ஒரு பங்கு அளவு, ஏறத்தாழ 80 சென்டிமீட்டர். இவற்றைச் செய்து ஒளியேற்றியவர்களின் படங்களை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் ஒரு வேடிக்கை புலப்படும். பெரும்பாலோர் குமிழ்களை மூலத்தைவிடச் சிவப்பாகவும், சாளரங்களை மூலத்தைவிட மஞ்சளாகவும் வைக்கிறார்கள். ஆண்டுக்காண்டு நினைவு நிறத்தை அடர்த்தியாக்கிக்கொண்டே போகிறதென்று தோன்றுகிறது. சாம்பல் கப்பல் மட்டும் வெளுத்துக்கொண்டே போகிறது.

இதற்கிடையில் 2006 செப்டம்பர் முதல் அத்தொடரின் புதுப்பித்த வடிவம் ஒளிபரப்பாகத் தொடங்கியது. அதில் மாதிரியுருவின் காட்சிகளை நீக்கிவிட்டுக் கணிப்பொறியில் வரைந்த கப்பலை வைத்தார்கள். அந்தக் கப்பலின் சாளரங்களுக்குள் இழையுமில்லை, டையோடுமில்லை. மூன்று எண்கள் மட்டும் உண்டு, சிவப்புக்கு ஒன்று, பச்சைக்கு ஒன்று, நீலத்துக்கு ஒன்று. அந்த வடிவத்தையே பார்த்து வளர்ந்த ஒரு தலைமுறையும் 2016இல் அந்தக் கண்ணாடிப் பேழைமுன் வந்து நின்றிருக்கும்.